அரிய ஆடியோ கோப்புகளை ஆடியோ சி.டி.யாக மாற்றுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எம்பி3, வேவ் கோப்புகளைச் சி.டி.யில் பதிய யாருடைய உதவியும் தேவையில்லை. பதியும் மென்பொருளே பார்த்துக்கொள்ளும். பழைய குரல் பதிவுக் கருவி, கைவிடப்பட்ட மென்பொருள், எங்கிருந்தோ வந்த தொகுப்பு ஆகியவற்றிலிருந்து கிடைத்த, பெயரே கேள்விப்படாத கோப்புகளை வைத்துக்கொண்டு தவிப்பவர்களுக்கானது இந்தப் பக்கம். அப்படிப்பட்ட கோப்புகளில்தான் பெரும்பாலும் வேறெங்கும் கிடைக்காத ஒலி இருக்கும். அதனால் அவசரப்படாமல் மாற்றுவோம்.

ஆடியோ சி.டி. ஏற்கும் வடிவம் எது?

ஒன்றே ஒன்றுதான். நொடிக்கு 44,100 மாதிரிகள் (ஒலியை அந்தந்தக் கணத்தில் அளந்த எண்கள்), ஒவ்வொரு மாதிரிக்கும் 16 பிட், இடம் வலம் என இரண்டு சேனல்கள், சுருக்கப்படாத பி.சி.எம். (மாதிரிகளை அப்படியே வரிசையாக வைப்பது) ஒலி. பிலிப்ஸும் சோனியும் 1980இல் வகுத்த 'ரெட் புக்' விதி இது. 1982இல் விற்பனைக்கு வந்த முதல் பிளேயரிலிருந்து இன்றைய பிளேயர் வரை எல்லாம் இதையே எதிர்பார்க்கின்றன.

44,100 என்ற எண்ணுக்கு ஒரு காரணம் உண்டு. அன்று டிஜிட்டல் ஒலியை வீடியோ நாடாவில்தான் பதிந்தார்கள். வீடியோவின் ஒரு வரிக்கு 3 மாதிரிகள், ஒரு புலத்துக்கு (பாதி வீடியோ படம்) 245 வரிகள், நொடிக்கு 60 புலங்கள். பெருக்கினால் 44,100. நொடிக்கு 50 புலங்கள் ஓடும் முறையில் 294 வரிகள். அங்கும் அதே எண்தான் வரும்.

கோப்பின் பின்னொட்டு எனக்குப் பரிச்சயமில்லை. எங்கிருந்து தொடங்குவது?

பின்னொட்டை நம்பாமல் தொடங்குங்கள். அதை யார் வேண்டுமானாலும் மாற்றிவிடலாம். கோப்பின் முதல் சில பைட்டுகள்தான் உண்மையைச் சொல்லும். எந்த ஹெக்ஸ் எடிட்டரில் (பைட்டுகளை அப்படியே காட்டும் மென்பொருள்) திறந்தாலும், வேவ் கோப்பு ஆர்-ஐ-எஃப்-எஃப் என்ற நான்கு எழுத்துகளோடு தொடங்கும். ஆக் கோப்பு ஓ-ஜி-ஜி-எஸ் என்று தொடங்கும். மிடி கோப்பு எம்-டி-எச்-டி என்று தொடங்கும். ஹெக்ஸ் எடிட்டர் பழக்கமில்லாதவர்கள் மீடியாஇன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் கோப்பை இழுத்துப் போடலாம். உள்ளே இருக்கும் கோடெக் (ஒலியைச் சுருக்கிய முறை), மாதிரி வீதம், சேனல் எண்ணிக்கை, கால அளவு எல்லாம் ஒரே திரையில் வந்துவிடும். இவை தெரியாமல் மாற்றத் தொடங்குவது கண்ணைக் கட்டிக்கொண்டு நடப்பதுதான்.

அளவையும் பாருங்கள். சில கோப்புகளில் ஒலியே இருக்காது. பழைய ரியல் ஆடியோ காலத்து 'ராம்' கோப்பு, உண்மையான ஒலி இருந்த இணைய முகவரியை மட்டும் எழுதி வைத்த சின்ன உரைக்கோப்பு. ஆடியோ சி.டி.யை விண்டோஸில் திறந்தால் தெரியும் 'சி.டி.ஏ.' கோப்புகளும் அப்படித்தான். ஒவ்வொன்றும் வெறும் 44 பைட். டிராக் எங்கே தொடங்குகிறது, எவ்வளவு நீளம் என்ற குறிப்பு மட்டுமே அதில் இருக்கும். இவற்றை நகலெடுத்துப் பத்திரப்படுத்தியவர்கள் வெறும் குறிப்பைத்தான் பத்திரப்படுத்தியிருக்கிறார்கள். அசல் வட்டு கையில் இருந்தால் எக்ஸாக்ட் ஆடியோ காப்பி போன்ற மென்பொருளால் அதிலிருந்து முறையாக எடுத்துவிடலாம்.

எந்த மென்பொருளைப் பயன்படுத்துவது?

கட்டளை வரிக்குத் தயங்காதவர்களுக்கு எஃப்எஃப்எம்பெக். அரிய வடிவங்களைத் திறப்பதில் அதற்கு இணையாக இன்னொன்றைச் சொல்ல முடியாது. மாதிரி வீதத்தை மாற்றுவதற்கு மட்டும் நான் சாக்ஸைத்தான் பரிந்துரைப்பேன். சன்னல்களும் பொத்தான்களும் வேண்டும் என்பவர்களுக்கு விண்டோஸில் ஃபூபார்2000, மேக்கில் எக்ஸ்.எல்.டி., எல்லாக் கணினிகளிலும் அடாசிட்டி. எல்லாமே இலவசம்.

கோப்பைப் பதிவேற்றினால் மாற்றித் தரும் இணையதளங்களைத் தவிர்த்துவிடுங்கள். உள்ளே என்ன செய்கிறார்கள் என்று தெரியாது. ஒலியின் ஒரு பகுதியை நிரந்தரமாக விட்டுவிடும் 'இழப்புள்ள' வடிவத்துக்கு ஒருமுறை மாற்றிவிட்டுப் பிறகு வேவாகத் தந்தாலும் நமக்குத் தெரியப்போவதில்லை.

ஃப்ளாக், மங்கீஸ் ஆடியோ, வேவ்பேக், ஷார்ட்டன், டி.டி.ஏ. போன்றவை என்னிடம் இருக்கின்றன. மாற்றினால் தரம் குறையுமா?

குறையாது. இவை அனைத்தும் இழப்பற்ற சுருக்கங்கள். விரித்தால் உள்ளே போன அதே பிட்டுகள் வெளியே வரும். மூலம் 44,100 ஹெர்ட்ஸ், 16 பிட், ஸ்டீரியோவாக இருந்தால் வேலை விரிப்பதோடு முடிந்தது. வேறு எதையும் தொடக் கூடாது. ஒலி அளவைக் கூட்டுவது, 'மேம்படுத்துவது' எதுவும் வேண்டாம்.

அடாசிட்டியில் ஒரு கவனம் தேவை. 16 பிட் கோப்பைத் திறந்து எதையும் மாற்றாமல் ஏற்றுமதி செய்தாலும், இயல்பான அமைப்பில் டித்தர் என்ற மெல்லிய இரைச்சல் சேர்ந்துவிடக்கூடும். வெறுமனே விரிக்க வேண்டிய கோப்புகளை எஃப்எஃப்எம்பெக்கிலோ ஃபூபாரிலோ விரிப்பதே நல்லது.

ஐபோன், மேக்கிலிருந்து வரும் 'எம்4ஏ' கோப்புகளை மட்டும் திறந்து பார்க்காமல் முடிவு செய்யாதீர்கள். உள்ளே இழப்புள்ள ஏ.ஏ.சி.யும் இருக்கலாம், இழப்பற்ற ஆப்பிள் லாஸ்லெஸ்ஸும் இருக்கலாம். வெளித்தோற்றம் ஒன்றேதான்.

ஒரே பெரிய கோப்பும், கூடவே 'கியூ' என்ற சின்னக் கோப்பும் வந்திருக்கின்றன. எப்படிப் பிரிப்பது?

முழு வட்டையும் ஒரே கோப்பாக எடுத்து, டிராக்குகள் தொடங்கும் இடங்களைக் கியூவில் குறித்திருக்கிறார்கள். பிரிக்காமலே பதியலாம், பதியும் மென்பொருளுக்குக் கியூவைக் கொடுத்தால் போதும். தனித்தனி டிராக்குகள் வேண்டுமென்றால் கியூடூல்ஸ் அல்லது ஃபூபார் அழகாகப் பிரித்துத் தரும்.

திறக்க மறுத்தால் கியூவை நோட்பேடில் திறந்து, கோப்பின் பெயர் எழுதியிருக்கும் வரியைப் பாருங்கள். பாதிச் சிக்கல் அங்கேதான் இருக்கும். கியூவில் வேவ் என்று எழுதியிருப்பார்கள், கையில் இருப்பதோ ஃப்ளாக்காக இருக்கும். பெயரைத் திருத்திச் சேமித்தால் திறந்துகொள்ளும்.

நேரத்தைக் கையால் திருத்துகிறவர்கள் இன்னொன்றையும் அறிந்திருக்க வேண்டும். 03:25:40 என்று இருந்தால் அது 3 நிமிடம் 25.40 நொடி அல்ல. கடைசி எண் ஃபிரேம்களின் எண்ணிக்கை. ஒரு நொடிக்கு 75 ஃபிரேம்கள். ஆகவே 40 என்பது 40/75 நொடி, அதாவது ஏறத்தாழ 0.533 நொடி. அந்த இடத்தில் 74க்கு மேல் எந்த எண்ணும் வரக் கூடாது.

என் கோப்பு 48,000 அல்லது 96,000 ஹெர்ட்ஸில் இருக்கிறது. 44,100க்கு இறக்கினால் கெட்டுப்போகாதா?

நல்ல மென்பொருளில் செய்தால் காதுக்கு வேறுபாடு தெரியாது. மோசமானதில் செய்தால் தெரியும். காரணம் இதுதான். 44,100 மாதிரிகளால் 22,050 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலியை மட்டுமே குறிக்க முடியும். அதற்கு மேல் உள்ளதை முன்கூட்டியே வடிகட்டாவிட்டால் அது மறைந்துவிடாது, கீழே மடங்கி விழும். 96,000 ஹெர்ட்ஸ் பதிவில் 30,000 ஹெர்ட்ஸில் ஓர் ஒலி இருக்கிறது என்று வையுங்கள். மனிதக் காதுக்கு அது கேட்காது. வடிகட்டாமல் இறக்கினால் அதே ஒலி 14,100 ஹெர்ட்ஸில் வந்து நிற்கும். பலருக்கு அது தெளிவாகவே கேட்கும். பாட்டோடு எந்தச் சுரத்திலும் சேராத கீச்சொலியாக உறுத்தும்.

48,000இலிருந்து இறக்குவதென்றால் ஒவ்வொரு 160 மாதிரிகளுக்குப் பதிலாக 147 புதிய மாதிரிகளைக் கணக்கிட வேண்டும். எதையும் அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது, ஏறக்குறைய எல்லாமே புதிதாகக் கணக்கிடப்படுபவை. சாக்ஸின் மிக உயர்ந்த தர அமைப்பு இதைச் சிறப்பாகச் செய்யும். எஃப்எஃப்எம்பெக்கில் சாக்ஸர் என்ற துணைக்கருவியைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம்.

ஓபஸ் கோப்புகள் வழக்கமாக 48,000 ஹெர்ட்ஸில்தான் விரியும். செயலிகளில் அனுப்பப்படும் குரல் செய்திகள் பல இந்த வடிவத்தில் இருப்பதால், அவற்றைச் சி.டி.யாக்க இந்தப் படியைத் தவிர்க்க முடியாது.

24 பிட்டிலிருந்து 16 பிட்டுக்கு மாறும்போது 'டித்தர்' போடச் சொல்கிறார்கள். அவசியமா?

அவசியம் என்றே சொல்வேன். கீழே உள்ள 8 பிட்டுகளை அப்படியே வெட்டி எறிந்தால், மெல்லிய இடங்களில், முக்கியமாக ஒரு தந்தியின் நாதம் அடங்கித் தேயும் இடத்தில், இசையோடு ஒட்டிய கரகரப்பு உண்டாகும். டித்தர் மிகச் சிறிய இரைச்சலைக் கலந்து அந்தக் கரகரப்பைக் கலைத்துவிடுகிறது. சீரான மெல்லிய இரைச்சலைக் காது மன்னித்துவிடும், இசையைப் பின்தொடரும் கரகரப்பை மன்னிக்காது.

சாக்ஸ் பிட் குறையும்போது தானாகவே டித்தர் சேர்க்கும். எஃப்எஃப்எம்பெக் நாம் கேட்டால்தான் சேர்க்கும். டித்தரை ஒரே ஒருமுறை, எல்லா வேலையும் முடிந்தபின் கடைசியில் போடுங்கள்.

அப்படியானால் சரியான வரிசை எது?

முதலில் 32 பிட் மிதவைப்புள்ளி எண்களாக விரிப்பது. அடுத்து மாதிரி வீதத்தை மாற்றுவது. பிறகு ஒலி அளவைச் சரிசெய்வது. கடைசியில் டித்தரோடு 16 பிட்டாக்குவது.

மிதவைப்புள்ளி எதற்கு? இழப்புள்ள சுருக்கங்களை விரிக்கும்போது ஒலியின் உச்சம் மூலத்தில் இருந்ததைவிடச் சற்று மேலே போகும். உரத்துப் பதிந்த பாட்டுகளில் அது 16 பிட்டின் எல்லையைத் தாண்டிவிடும். நேராக 16 பிட்டில் விரித்தால் தாண்டிய தலை வெட்டுப்படும், தாளத்தின் அடி ஒவ்வொன்றும் சிதறிக் கேட்கும். மிதவைப்புள்ளியில் விரித்தால் தலை அப்படியே இருக்கும். 2 அல்லது 3 டெசிபல் குறைத்துவிட்டு 16 பிட்டாக்கினால் ஒன்றும் போகாது.

பழைய கைப்பேசியில் பதிந்த குரல், ஏ.எம்.ஆர். கோப்பாக இருக்கிறது. சி.டி. தரத்துக்கு உயர்த்த முடியுமா?

சி.டி. வடிவத்துக்கு மாற்ற முடியும். தரம் உயராது. தொலைபேசிப் பேச்சுக்காக உருவான அந்த வடிவம் நொடிக்கு 8,000 மாதிரிகள் மட்டுமே எடுக்கிறது. 4,000 ஹெர்ட்ஸுக்கு மேல் அதில் எதுவும் இல்லை. 'ஸ', 'ஷ' போன்ற ஒலிகளின் கூர்மை பெரும்பாலும் அதற்கு மேலேதான் இருக்கிறது. பதிந்த நொடியிலேயே அது போய்விட்டது.

ஆனாலும் இந்தக் கோப்புகளைத்தான் நான் எல்லாவற்றையும்விட அக்கறையோடு மாற்றச் சொல்வேன். இறந்துபோன ஒருவரின் குரல் இப்படிப்பட்ட ஒரே ஒரு கோப்பில் மிஞ்சியிருக்கலாம். எஃப்எஃப்எம்பெக்கில் விரித்து, 44,100க்கு ஏற்றி, ஒரு சேனலை இரண்டிலும் நகலெடுங்கள். இரைச்சல் நீக்கும் வசதி கையருகே இருக்கும், கை போகும். இப்படிக் குறுகிய அலைவரிசை கொண்ட பதிவில் அதைக் கொஞ்சம் அழுத்தினாலும் குரல் நீருக்குள்ளிருந்து வருவதுபோல ஆகிவிடும். இரைச்சலோடு கேட்கும் உண்மையான குரலே மேல். நீக்கியே ஆக வேண்டுமென்றால், நீக்காத பதிப்பையும் அதே வட்டில் இன்னொரு டிராக்காக வையுங்கள்.

ரியல் ஆடியோ, மியூஸ்பேக் போன்ற வழக்கொழிந்த வடிவங்கள்?

எஃப்எஃப்எம்பெக் பெரும்பாலானவற்றைத் திறக்கும். 1990களின் ரியல் ஆடியோ கோப்புகள்கூடத் திறக்கும். இவை இழப்புள்ளவை என்பதால் இடையில் எம்பி3 ஆக்காமல் நேராக வேவ் ஆக்குங்கள். இழப்பின் மேல் இழப்பு சேர்ந்தால் முதலில் பாழாவது கைத்தட்டலும் ஜால்ராவும்தான்.

மிடி கோப்பை மாற்றினால் ஒவ்வொரு மென்பொருளிலும் வேறு வேறு மாதிரி ஒலிக்கிறதே?

மிடியில் ஒலி கிடையாது. எந்தச் சுரம், எந்த வாத்தியம், எப்போது, எவ்வளவு அழுத்தம் என்ற கட்டளைகள் மட்டுமே உண்டு. வாசிக்கும் வாத்தியத்தை நீங்கள்தான் கொடுக்க வேண்டும். ஃப்ளூயிட்சிந்த் என்ற மென்பொருளும் வாத்திய ஒலிகள் அடங்கிய நல்ல சவுண்ட்ஃபான்ட் கோப்பு ஒன்றும் இருந்தால், 44,100 ஹெர்ட்ஸில் நேராகவே பதிந்துகொள்ளலாம். முடிவு முழுக்க அந்தச் சவுண்ட்ஃபான்ட்டைப் பொறுத்தது. இரண்டு மூன்றைக் கேட்டுப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள்.

மாட், எக்ஸ்.எம்., ஐ.டி. என்ற டிராக்கர் கோப்புகளில் வாத்திய ஒலித் துண்டுகளும் உள்ளேயே இருக்கும். ஓபன்எம்பிடி அவற்றை வேவ் ஆக்கித் தரும். பல டிராக்கர் பாட்டுகள் முடிவின்றித் திரும்பத் திரும்ப ஓடும்படி எழுதப்பட்டவை. எத்தனை சுற்று வேண்டும் என்று முடிவு செய்து, இறுதியில் மெல்லத் தேயவிடுங்கள்.

வேவ் கோப்புதான், ஆனால் திறந்தால் வெறும் இரைச்சல் வருகிறது. கெட்டுப்போய்விட்டதா?

உடனே அழித்துவிடாதீர்கள். இரண்டு வாய்ப்புகள் உண்டு.

ஒன்று, அது டி.டி.எஸ். ஆக இருக்கலாம். சுற்றொலியைச் சுருக்கி, சி.டி.யில் அடங்கும்படி 44,100, 16 பிட் வேவ் போல வேடமிட்டு வைத்திருப்பார்கள். டி.டி.எஸ். புரியும் கருவியோடு டிஜிட்டல் கம்பியால் பிளேயரை இணைத்தால் அதே வட்டு ஆறு சேனல்களில் பாடும். அப்படிப் பதிய விரும்பினால் கோப்பில் ஒரு பிட்டைக்கூட மாற்றக் கூடாது. ஒலி அளவைச் சற்றே தொட்டாலும் உள்ளே இருக்கும் தகவல் சிதைந்துவிடும். சாதாரணப் பிளேயரில் கேட்க வேண்டுமென்றால் எஃப்எஃப்எம்பெக்கில் விரித்து ஸ்டீரியோவாகக் கலக்க வேண்டும். நடுச் சேனலையும் பின் சேனல்களையும் 3 டெசிபல் குறைத்துச் சேர்ப்பது வழக்கம்.

மற்றொன்று, பைட் வரிசை (ஒரு மாதிரியின் இரண்டு பைட்டுகளில் எது முதலில் என்பது) மாறியிருக்கலாம். தலைப்புத் தகவல் இல்லாத கச்சாக் கோப்புகளில் இது அடிக்கடி நடக்கும். அடாசிட்டியில் கச்சாத் தரவாக இறக்குமதி செய்து, பைட் வரிசையை மாற்றிப் பாருங்கள். இரைச்சலுக்கு அடியில் தாளம் மட்டும் மங்கலாகக் கேட்டால் பெரும்பாலும் வரிசைதான் தவறு. ஒலி தெளிவாக இருந்து வேகம் மட்டும் கூடியோ குறைந்தோ இருந்தால் மாதிரி வீதமோ சேனல் எண்ணிக்கையோ தவறு.

டி.எஸ்.டி. கோப்புகள் (சூப்பர் ஆடியோ சி.டி.யில் பயன்படும் வடிவம்)?

1 பிட், நொடிக்கு 28,22,400 மாதிரிகள். இது 44,100இன் சரியாக 64 மடங்கு என்பதால் கணக்கு நேராக வரும். கேள் எல்லைக்கு மேல் இந்த வடிவத்தில் இரைச்சல் மிகுதி. மாற்றும்போது அது வடிகட்டப்படுகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

நேரடிக் கச்சேரிப் பதிவில் டிராக் மாறும் இடத்தில் 'டிக்' என்று ஓர் ஒலி வருகிறது. ஏன்?

ஒரு ஃபிரேமில் 588 ஸ்டீரியோ மாதிரிகள், 2,352 பைட்டுகள். சி.டி.யில் டிராக் எதுவும் ஃபிரேமின் நடுவில் முடிய முடியாது. உங்கள் கோப்பின் நீளம் 588ஆல் மீதியின்றி வகுபடாவிட்டால், மிச்ச இடத்தைப் பதியும் மென்பொருள் மௌனத்தால் நிரப்பும். கைத்தட்டல் ஓடிக்கொண்டிருக்கும்போது நடுவே நொடியில் 75இல் ஒரு பங்குக்கும் குறைவான மௌனம் விழுந்தால் 'டிக்' என்றுதான் கேட்கும்.

எல்லாக் கோப்புகளையும் ஒரே நீளமான வேவ் கோப்பாக ஒட்டி, டிராக் எல்லைகளைக் கியூவில் குறித்துவிட்டால் இது தீரும். மூலம் எம்பி3 என்றால் தொடக்கத்திலும் முடிவிலும் குறியாக்கி (எம்பி3 ஆக்கிய மென்பொருள்) சேர்த்த மௌனமும் இருக்கும். அதை அறிந்து நீக்கும் ஃபூபார் போன்ற மென்பொருளில் விரித்துவிட்டு ஒட்டுங்கள். பதியும்போது 'முழு வட்டும் ஒரே மூச்சில்' என்ற முறையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். டிராக் டிராக்காகப் பதியும் முறை நடுவே 2 நொடி இடைவெளி விடும்.

700 எம்பி வட்டில் 800 எம்பி வேவ் அடங்குமா?

ஆடியோவாகப் பதிந்தால் அடங்கும். 80 நிமிட வட்டில் 3,60,000 ஃபிரேம்கள். தரவு வட்டில் ஒவ்வொன்றிலும் 2,048 பைட்டுகளே நமக்குக் கிடைக்கும், மீதி பிழை திருத்தத்துக்குப் போகிறது. ஆடியோவில் முழு 2,352 பைட்டும் ஒலிக்கே. ஆகவே மெகாபைட்டைப் பார்க்காமல் நிமிடங்களைக் கூட்டிப் பாருங்கள். டிராக் எண்ணிக்கை 99ஐத் தாண்டக் கூடாது, எந்த டிராக்கும் 4 நொடிக்குக் குறையக் கூடாது.

எல்லாம் சரியாக மாற்றி வேவ் கோப்புகளைப் பதிந்துவிட்டேன். கணினியில் பாடுகிறது, பிளேயரில் பாடவில்லை.

வேவ் கோப்புகளைத் தரவு வட்டாகப் பதிந்திருப்பீர்கள். கோப்புகளை இழுத்துப் போட்டுப் பதிந்தால் அப்படித்தான் ஆகும். ஆடியோ சி.டி.யில் கோப்பு என்ற ஒன்றே இல்லை, ஃபிரேம்களின் தொடர்ச்சி மட்டுமே. கே3பியில் 'ஆடியோ சி.டி.' என்ற திட்டத்தைத் தேர்ந்தெடுத்துப் பதியுங்கள், இம்ஜ்பர்னில் என்றால் கியூ கோப்பை உருவாக்கி அதைப் பதியுங்கள். வட்டை மூடவும் (ஃபைனலைஸ் செய்யவும்) மறக்காதீர்கள். அழித்தெழுதும் வட்டு ஒளியைக் குறைவாகவே திருப்பி அனுப்பும், பழைய பிளேயர்கள் அதைப் படிக்கத் திணறும். ஒருமுறை எழுதும் வட்டே பாதுகாப்பு.

பாட்டின் பெயரைத் தமிழில் பிளேயரின் திரையில் காட்ட முடியுமா?

முடியாது. சி.டி. டெக்ஸ்ட் என்ற வசதி லத்தீன், ஜப்பானிய எழுத்துகளுக்காகவே வகுக்கப்பட்டது. பெயர்களை ஆங்கில எழுத்துகளில் எழுதுங்கள். தமிழ்ப் பெயர்களை உறையில் அச்சிடுங்கள்.

மாற்றியது சரியா என்று எப்படி உறுதிசெய்வது?

இழப்பற்ற மூலம் என்றால் ஐயத்துக்கே இடமில்லாமல் உறுதிசெய்யலாம். மூலத்திலிருந்து விரித்த வேவையும் வட்டிலிருந்து திரும்ப எடுத்த வேவையும் அடாசிட்டியில் ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்து, தொடக்கத்தை மாதிரிக்கு மாதிரி நேராக்கி, ஒன்றைத் தலைகீழாக்கிக் கலந்து பாருங்கள். முழு மௌனம் வந்தால் எதுவும் தவறவில்லை. வட்டு இயக்கி சில மாதிரிகள் தள்ளிப் படிப்பது வழக்கம் என்பதால், நேராக்காமல் கலந்தால் ஒலி மிஞ்சத்தான் செய்யும். அதைப் பார்த்து வட்டு கெட்டுவிட்டது என்று எண்ண வேண்டாம்.

மூலம் இழப்புள்ளது என்றால் காதுதான் சாட்சி. தொடக்கம், மிக உரத்த இடம், மிக மெல்லிய இடம், கடைசிப் பத்து நொடி இவற்றைத் தலையணிக் கருவியில் கேளுங்கள். கடைசிப் பத்து நொடியை விட்டுவிடாதீர்கள். பாதியில் நின்றுபோன மாற்றம் வேறெங்கும் தெரியாது. வட்டு பாடத் தொடங்கிவிட்டது என்பதற்காக மூலக் கோப்பை அழித்துவிடவும் வேண்டாம், ஏ.எம்.ஆர். போன்ற கோப்புகள் சில நூறு கிலோபைட்தான், இரண்டு இடங்களில் வைத்திருங்கள்.